மேட்டு நிலையத்தின் ஒன்பதாவது பெட்டி

காலை ஒன்பது மணிக்கு வந்த அந்தச் சுற்றறிக்கையில் மொத்தமே நாலு வரிகள்தான். குடிநீர் நிலையங்களில் வால்வுகளை இயக்கும் ஒரு ரகப் பெட்டியில், பராமரிப்புக்காக விட்ட போர்ட் ஒன்று திறந்தே கிடக்கிறதாம். அது கடவுச்சொல் கேட்பதில்லை. நெட்வொர்க்குக்குள் வந்த எவரும் அதன் வழியே வால்வைத் திறக்கலாம், மூடலாம். உங்களிடம் எத்தனை இருக்கின்றன, எங்கே இருக்கின்றன, மாலை ஆறு மணிக்குள் மூடிவிட்டுப் பதில் எழுதவும்.

நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் அலுவலகத்தில் நெட்வொர்க் என் பொறுப்பு. பதினோரு வருடமாக இதே நாற்காலி. தலைமைப் பொறியாளர் காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘கமா’. பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வராது.

“பாத்தீங்களாம்மா, ஆறு மணியாம், நம்மகிட்ட எத்தனை பெட்டி இருக்குன்னு நமக்கே தெரியாது, போட்டவங்க பாதிப் பேரு ரிட்டயர் ஆயிட்டாங்க, அதுலயும் ஒவ்வொருத்தன் ஒவ்வொரு நம்பர்ல போர்ட்டை மாத்தி வச்சிருப்பான், நான் மேல என்ன பதில் சொல்றது...”

“எல்லாத்தையும் தட்டிப் பாத்துடலாம் சார்.”

“எல்லாத்தையும்னா?”

“எல்லாத்தையும்தான்.”

கணக்கு இதுதான். எங்கள் நெட்வொர்க்கில் பதினாறாயிரத்துச் சொச்சம் முகவரிகள். ஒவ்வொரு முகவரிக்கும் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் போர்ட்டுகள். ஒரு வீட்டுக்கு அத்தனை கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்க்க நூற்று ஏழு கோடித் தட்டல்கள் வேண்டும். இப்படித் தட்டிப் பார்க்க நான் வழக்கமாகப் பயன்படுத்தும் ஸ்கேனர் மென்பொருளுக்கு நிதானக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். தட்டுவார், காத்திருப்பார், பதில் வராவிட்டால் மறுபடி தட்டுவார், திறந்தால் உள்ளே இருப்பது யார், எந்த ஊர், எத்தனை வயது என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த கதவுக்குப் போவார். எங்கள் கருவிகள் தாங்கும் வேகத்தில் விட்டால் அவர் முடிக்கப் பன்னிரண்டு நாளாகும்.

இன்னொன்றும் என்னிடம் இருந்தது. அதையும் யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் படியுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் போட்டிருந்தார். வேகக்காரன். விநாடிக்கு ஒரு லட்சம் கதவுகளைத் தட்டுவான். மூன்று மணி நேரத்தில் நூற்று ஏழு கோடியும் முடியும்.

அது கிடைத்த புதிதில் நான் நம்பவில்லை. ஏதோ ஏமாற்று என்று நினைத்து ஒரு வாரம் உட்கார்ந்து அதன் நிரலைப் படித்தேன். படிக்கப் படிக்க வாயடைத்துப் போனேன். அவன் யாரைத் தட்டினான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை. தட்டும்போதே, அந்த முகவரியையும் போர்ட்டையும் கலந்து கணக்கிட்ட ஓர் எண்ணைத் தட்டலுக்குள் வைத்து அனுப்பிவிடுகிறான். பதில் சொல்கிறவர் அந்த எண்ணோடுதான் பதில் சொல்லியாக வேண்டும். எண் பொருந்தினால், இது நான் கேட்டதற்கு வந்த பதில்தான் என்று தெரிந்துவிடும். பட்டியல் கிடையாது, காத்திருப்பு கிடையாது. அது போதாதென்று, வரிசையாகவும் தட்டுவதில்லை. சீட்டுக் கட்டைக் குலுக்கியது போல நகரத்தின் ஒரு மூலையில் ஒன்று, மறு மூலையில் ஒன்று. எந்தக் கருவிக்கும் தொடர்ந்து அடி விழாது. அப்படிக் குலுக்கியும் ஒரு கதவை இரண்டாம் முறை தட்டமாட்டான், ஒன்றைக்கூட விடமாட்டான். எதைத் தட்டினோம் என்று குறித்து வைக்காமலே இது எப்படி நடக்கும் என்று கேட்டால், ஒரே ஒரு சூத்திரம். அதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், “சரி, சாப்பிட வா” என்றார்.

ஆனால் முழு நெட்வொர்க்கின் மேல் அவனை ஏவிவிட எனக்குத் தைரியம் வந்ததில்லை. அன்று வேறு வழியில்லை. கமாவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

முதலில் எங்கள் மாடியை மட்டும் பார்த்தேன். இருநூற்று முப்பத்தொரு கதவுகள் திறந்திருக்கின்றன என்றான். மறுபடி ஓட்டினேன். இருநூற்று இருபத்தொன்பது. நடுவில் யாரும் எதையும் மூடவில்லை. நிதானக்காரரை விட்டுப் பார்த்தால் இருநூற்று முப்பத்து மூன்று. புரிந்தது. போகிற போக்கில் தட்டுகிறவனுக்கு, வழியில் தொலைந்துபோன பதிலைப் பற்றி அக்கறையில்லை. அவன் ‘இருக்கிறது’ என்றால் பெரும்பாலும் இருக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் இல்லை என்று அர்த்தமல்ல, அவன் காதில் விழவில்லை என்று மட்டுமே அர்த்தம். அதனால் இருவரையும் சேர்த்து வேலை வாங்குவது என்று முடிவு செய்தேன். வேகக்காரன் கண்டுபிடித்துக் கொடுப்பதை நிதானக்காரர் ஒவ்வொன்றாக விசாரிக்கட்டும்.

பிறகு முழு நகரத்தையும் விநாடிக்குப் பத்தாயிரம் வேகத்தில் விட்டேன். பத்து நிமிடம் ஓடியது. ஒரு புகாரும் இல்லை. பத்து மணிக்கு ஒரு லட்சமாக ஏற்றினேன்.

திரையில் வரிகள் கொட்டின. நீரேற்று நிலையங்கள், தொட்டிகள், குளோரின் அறைகள், கட்டண அலுவலகங்கள், கேமராக்கள், யாரோ எப்போதோ மாட்டிவிட்டு மறந்த பிரிண்டர்கள். பதினோரு வருடம் பார்த்த நெட்வொர்க்கை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்துகொண்டு ‘இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் முழங்கையில் மயிர் குத்திட்டு நின்றது.

பத்து மணி ஏழு நிமிடத்துக்குக் கைபேசி அடித்தது. சின்னவள்.

சின்னவள் என் நாத்தனார். வீட்டில் கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர். மேட்டு நீரேற்று நிலையத்துக்குப் பொறுப்பாளர். ஒரே அலுவலகம்தான், ஆனாலும் விசேஷ வீடுகளில் ‘நல்லா இருக்கீங்களா’ என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை. அவள் என்னைக் கூப்பிடுகிறாள் என்றால் தலை போகிற காரியமாகத்தான் இருக்கும்.

“அண்ணி, என்ன பண்ணிட்டு இருக்கீங்க?”

“ஏன், என்னாச்சு?”

“இங்க ஸ்கிரீன் மொத்தமும் சாம்பல் கலர். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு பம்ப் தானா நின்னுடுச்சு. ரெண்டு ஆஸ்பத்திரிக்கு இந்தத் தொட்டிலருந்துதான் தண்ணி போகுது, தெரியும்ல?”

கை தானாகப் போய் ஸ்கேனை நிறுத்தியது.

“நிறுத்திட்டேன். நான்தான். ஸ்கேன் ஓட்டினேன்.”

“சொல்லிட்டு ஓட்டக் கூடாதா?” என்றாள். கோபம்கூட இல்லை. “சரி, நான் கையாலயே பம்பைப் போட்டுட்டேன். தொட்டி மட்டத்தைப் போய்ப் பாத்துக்கறேன். உங்க பக்கம் என்னன்னு பாருங்க.”

என் பக்கம் என்ன என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. மேட்டுக்குக் கேபிள் கிடையாது, ரேடியோதான். மலையடியில் ஒரு சின்ன ரூட்டர், அதன் வழியாகத்தான் எல்லாம் மேலே போகும். கடந்து போகும் ஒவ்வொரு தட்டலையும் அது தன் நினைவில் ஒரு வரியாகக் குறித்து, அரை நிமிடம் வைத்திருந்து அழிக்கும். எட்டாயிரம் வரிதான் அதற்குக் கொள்ளளவு. வேகக்காரன் சீட்டைக் குலுக்கிப் போட்டதால் தனித்தனிக் கருவிகளுக்கு வலிக்கவில்லை. ஆனால் மேட்டுக்கென்று ஒதுக்கிய முகவரிகள் அத்தனைக்கும் போகிற தட்டல் எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாகத்தானே போக வேண்டும்? விநாடிக்கு ஆயிரத்தைந்நூறு. ஐந்தே விநாடியில் நிரம்பித் திணறிவிட்டது. எதையும் நினைவில் வைக்காதவனின் வேகத்தை, எல்லாவற்றையும் நினைவில் வைக்கிறவனால் தாங்க முடியவில்லை.

கமாவிடம் போய் என் தப்புதான் என்றேன். அவர் கோபித்துக்கொள்ள வாயைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். நான் பார்த்து அவர் வாக்கியம் ஒன்று முடிந்தது அன்றுதான்.

எல்லா நிலையங்களுக்கும் ஃபோன் செய்து சொல்லிவிட்டு, மேட்டை மட்டும் விலக்கிவிட்டு, பத்தரைக்கு வேகக்காரனை மறுபடி விட்டேன். பக்கத்து மேசைக்காரரைக் காவலுக்கு வைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினேன். ரேடியோவைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்து தட்டுவதுதான் ஒரே வழி.

பம்ப் அறைக்குள் நுழையும்போதே தரை காலடியில் அதிர்ந்தது. எண்ணெய் வாசனை, ஈரச் சுவர், மூன்று பெரிய பம்புகள், ஓரமாக ஒரு மேசை. சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பம்பைத் திரும்பத் தானியங்கி இயக்கத்துக்கு மாற்றிவிட்டதாகவும் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு சொட்டுகூடக் குறையவில்லை என்றும் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அதெல்லாம் அப்புறம். எங்க மாட்டணும்?” என்று நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்சைக் காட்டினாள்.

முதலில் ‘யார் யார் உயிரோடு இருக்கிறீர்கள்’ என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன். ஒன்பது பதில்கள் வந்தன.

“எட்டுதான்” என்றாள் சின்னவள்.

“ஒம்போது வந்திருக்கே.”

“பதினாலு வருஷமா இங்க இருக்கேன் அண்ணி. எட்டுதான்.” விரல் விட்டு எண்ணினாள். பம்புக்கு மூன்று, மட்டத்துக்கு ஒன்று, குளோரினுக்கு ஒன்று, கேமரா இரண்டு, இந்த மேசைக் கம்ப்யூட்டர்.

ஒன்பதையும் விசாரிக்க நிதானக்காரரை விட்டேன். விநாடிக்கு இருநூறு தட்டல், அதற்கு மேல் கூடாது என்று கட்டளை. ஐம்பது நிமிடம் ஆகும் என்றார். சின்னவள் ஒரு பம்பின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எட்டுக் கருவிகளும் மளமளவென்று பதில் சொல்லின. ஒன்பதாவது இழுத்தடித்தது. ஒரு போர்ட்டுக்கு முதல் தட்டலில் மௌனம், இரண்டாவதிலும் மௌனம், மூன்றாவது தட்டலுக்குப் பதில். நாற்பத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினொன்று. சுற்றறிக்கையில் சொன்ன அதே பெட்டி, அதே போர்ட், எண் மட்டும் வேறு.

வேகக்காரன் இதைக் கேட்டிருக்கவே மாட்டான்.

“அது எங்க இருக்கு?” என்றாள் சின்னவள். குரல் தாழ்ந்திருந்தது.

ஸ்விட்சிலிருந்து அதன் கேபிளைத் தேடினோம். சுவரோரமாகப் போய், தரைக்குள் ஒரு குழாயில் இறங்கி, வெளியே தொட்டியின் அடியில் இருக்கும் வால்வு அறைப் பக்கம் போனது. இரும்பு மூடியைத் தூக்கி, இருபத்திரண்டு படி இறங்கினோம். கீழே குளிர். டார்ச் வெளிச்சத்தில், தொட்டியைக் கழுவ நீரை வெளியேற்றும் வால்வின் மோட்டாருக்குப் பின்னால், துருவின் நிறத்துக்கே மாறிப்போன ஒரு பெட்டி. மூலையில் ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “இது பழைய காண்ட்ராக்டர் போட்டது. புதுசு மாட்டினப்ப எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்களே. வாரா வாரம் இங்க வந்து வால்வுக்கு கிரீஸ் வைக்கிறேன் அண்ணி. இதுக்கு உயிர் இருக்குன்னு தெரியாது.”

“இந்த வால்வு திறந்தா என்னாகும்?”

“ரெண்டு மணி நேரத்துல தொட்டி காலி.”

எங்கள் தலைக்கு மேலே அந்தத் தண்ணீர் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அதன் எடை கான்கிரீட் வழியாக என் தோளில் இறங்குவது போலிருந்தது. இத்தனை வருடமாக இந்தப் பெட்டி, யார் மூன்று முறை தட்டினாலும் கதவைத் திறக்கத் தயாராக, இங்கே காத்திருந்திருக்கிறது.

மேலே வந்து கமாவுக்குச் சொன்னேன். உடனே பிடுங்கி எறியுங்கள் என்றார். சின்னவள் ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “சார், மோட்டாரைக் கழட்டி வால்வைக் கையால பூட்டின பிறகுதான் எதையும் பிடுங்கணும். பிடுங்குற நேரத்துல அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஃபிட்டர் வர ஒரு மணி நேரமாகும், அது வரைக்கும் நான் வால்வு பக்கத்துலயே ஆளை நிறுத்தறேன்.” கமா சரி என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது நடந்தது. பெட்டியில் இன்னொரு போர்ட்டும் திறந்திருந்தது. உள்ளே சாதாரணமான ஒரு பக்கம். நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டியின் மட்டத்தை அளந்து எழுதி வைத்திருந்தது. தேதியைப் பார்த்தேன். பதினேழு வருடம். ஒரு நிமிடம்கூட விடவில்லை.

அதைக் கோடாக வரைந்து காட்ட லேப்டாப்பிடம் சொன்னேன். சின்னவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். கோடு ஏறி இறங்கியது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஊர் எழுந்து குழாயைத் திறக்கும்போது இறக்கம். பத்து மணிக்கு நிமிர்வு. மாலையில் சின்ன இறக்கம். அடுத்த நாளும் அப்படியே. ஒரு மாதத்தைச் சேர்த்துப் பார்த்தால் யாரோ தூங்குகிறவரின் மூச்சு போல இருந்தது. ஒரு முழு ஊரும் குடித்து, குளித்து, துணி துவைத்து வாழ்ந்த பதினேழு வருடமும் அந்தத் துருப்பிடித்த பெட்டிக்குள் இருந்தது.

“இது பெரிய குழாய் வெடிச்ச வாரம்” என்று ஒரு பள்ளத்தைத் தொட்டாள். “இது முழு அடைப்பு. எல்லாரும் வீட்டுல, பாருங்க, காலைல இறக்கமே இல்ல.” அவளுக்கு அந்தக் கோடு சொந்தக் கையெழுத்து போலத் தெரிந்தது.

என்ன தோன்றியதோ, நான் என் கல்யாணத் தேதியைத் தட்டினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால். அன்று அண்ணன் கல்யாணத்துக்குத் தங்கை வரவில்லை. வேலை இருந்தது என்று மட்டும் ஒரு சொல் வந்தது. அதை நான் நம்பவில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதன் மேல்தான் எங்கள் மௌனம் முழுவதும் நின்றிருந்தது.

அன்றைய கோடு வேறு எந்த நாளைப் போலவும் இல்லை. காலை ஐந்து மணியிலிருந்து மாலை நாலு வரை ரம்பத்தின் பல் போலச் சின்னச் சின்னதாக ஏறி இறங்கியது. அறுபதுக்கு மேல் பற்கள். எல்லாம் ஒரே அளவு. ஒன்றுகூட அபாயக் கோட்டுக்குக் கீழே போகவில்லை.

“இது என்ன?” என்றேன்.

அவள் தேதியைப் பார்த்தாள். முகம் சிவந்தது. “அப்ப இங்க ரெண்டு பம்புதான், அன்னிக்குப் பெரிசு ஜாமாகி நின்னுடுச்சு. சின்னது ஒண்ணுதான். அதைத் தொடர்ந்து ஓட்டினா சூடாகிடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நானே போட்டு, நானே நிறுத்தினேன். மாத்தி விட ஆளில்ல. புடவைகூட கட்டிட்டுத்தான் வந்திருந்தேன், அப்படியே மண்டபத்துக்கு ஓடிடலாம்னு.”

“ஏன் சொல்லல?”

“அண்ணன்கிட்ட வேலைன்னு சொன்னேனே.”

“இதைச் சொல்லலயே.”

“இதை எப்படி அண்ணி சொல்றது? பம்ப் போட்டேன், நிறுத்தினேன், போட்டேன், நிறுத்தினேன்னா?”

நான் அந்தப் பற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். தாலி ஏறிய நேரத்தில் ஒரு பல் இருந்தது. பந்தி நடந்த நேரத்தில் ஆறேழு. மண்டபத்துக்கு வந்த தண்ணீரும் இந்தத் தொட்டித் தண்ணீர்தான். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது. அவளும் எடுத்துக்கொள்ளவில்லை.

“எல்லாத்தையும் காப்பி எடுத்துடுங்க” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “ஊருக்குத் தேவைப்படும்.”

பெட்டி சோம்பேறித்தனமாகத்தான் கொடுத்தது. நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் ஃபிட்டர் வந்து, மோட்டாரைக் கழற்றி, வால்வில் சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவியைச் சின்னவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் கேபிளைப் பிடுங்கினேன். நிதானக்காரரிடம் மறுபடி கேட்டேன். எட்டு என்றார்.

அலுவலகத்தில் வேகக்காரன் ஒன்றரை மணிக்கே முடித்திருந்தான். நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் திறந்த கதவுகள். நிதானக்காரர் அவற்றை மட்டும் விசாரித்ததில், சுற்றறிக்கையில் சொன்ன ரகம் நாற்பத்தொன்று தேறியது. கமா நாலாபுறமும் ஆட்களை அனுப்பிவிட்டு, நிறுத்தாமல் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குள் நாற்பத்திரண்டும் மூடப்பட்டன. பதில் கடிதத்தில் நான் ஒரு வரி சேர்த்தேன்: வேகமாகத் தேடியதில் கிடைக்காத ஒன்று, மெதுவாகக் கேட்டதில் கிடைத்தது, மற்ற ஊர்களிலும் அப்படிக் கேட்டுப் பார்க்கவும், கேட்பதற்கு முன் நிலையத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடவும்.

சின்னவளின் ஷிஃப்ட் நாலு மணிக்கு முடிந்ததால் என்னோடு காரிலேயே வந்திருந்தாள். இத்தனை வருடத்தில் என் அறைக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. மூடியவை மூடியே இருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது. மேட்டை விலக்கி, எல்லாரிடமும் சொல்லிவிட்டு, வேகத்தைக் குறைத்து, காலையில் திறந்திருந்த நாலாயிரத்துச் சொச்சம் கதவுகளை மட்டும் கொடுத்து வேகக்காரனை விட்டேன். மூடியவை மட்டும் பதில் சொல்லக் கூடாது.

“ஓடுது” என்றேன்.

வரிகள் வர ஆரம்பித்தன. இந்த மூலையிலிருந்து ஒன்று, அந்த மூலையிலிருந்து ஒன்று. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் திரைக்கு முன்னால் நின்றாள்.

“இது எது?”

“கிழக்குத் தொட்டி.”

“இது?”

“கட்டண ஆபீஸ் பிரிண்டர்.”

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது. வரிகள் வந்துகொண்டே இருந்தன.

“இவ்ளோ பேரா அண்ணி?” என்றாள். நான் பக்கத்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன்.